வன்னியிலும் தமிழகத்திலும் வாகனத்துக்கு வில் தெரிதல்

வாகனத்தின் உடலைச் சக்கரங்களின் மேல் தாங்கிநிற்கும் வில்லைத் தெரிவுசெய்யும் முறை, ஒரே நிறுவனத்தின் ஒரே வாகனத்துக்கும்கூடப் பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் ஒன்றாக இருப்பதில்லை. தமிழகத்தில் ‘குட்டி யானை’ என்றும் இலங்கையில் ‘பட்டா’ என்றும் வழங்கும் டாட்டா ஏஸ் இதற்குத் தக்க சான்றாகும். 2005இல் இந்தியாவில் அறிமுகமான இச்சிறு லொறிக்கு முன்னும் பின்னும் தகட்டுவில், அதாவது வளைந்த உருக்குத் தகடுகளாலான வில், பொருத்தப்பட்டிருக்கிறது. மதுரையில் அந்த வில் பெரும்பாலும் தொழிற்சாலை தந்தபடியே ஓடித் தேய, வன்னியின் கிளிநொச்சியிலோ முதல் நெல் அறுவடைக்கு முன்பே அதற்கு மேலதிகத் தகடு ஏறிவிடுவதுண்டு.

பயணச் சுகத்தை அளக்க எளிய வழி, உடலின் எடையால் வில் எவ்வளவு தாழ்கிறது என்று பார்ப்பதாகும். 250 மி.மீ. தாழும் வில்லின் மேல் உடல் செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு முறையும், 110 மி.மீ. தாழ்ந்தால் ஒன்றரை முறையும், 62 மி.மீ. மட்டுமே தாழ்ந்தால் இரண்டு முறையும் ஏறி இறங்கும். ஒன்று முதல் ஒன்றரை வரையான அசைவு நடையின் தாளத்தை ஒத்திருப்பதால் உடல் அதை இலகுவில் ஏற்றுக்கொள்கிறது. செக்கனுக்கு 4 முதல் 8 வரையான நிலைக்குத்து அதிர்வே மனித உடலை அதிகம் வருத்துவது.

வன்னியின் வழக்கம் பற்றாக்குறையில் பிறந்தது. 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் எரிபொருளும் பற்றரியும் உதிரிப்பாகங்களும் அரிதானபோது, வடபகுதியின் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின; தளர்ந்த தகடுகள் கம்மாலையில் சூடாக்கி வளைத்து மீண்டும் பூட்டப்பட்டன. அக்கைத்திறன் மதிக்கத்தக்கது என்றாலும், வில்லுருக்கைச் சூடாக்கியபின் எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கி, மீண்டும் அளவான வெப்பத்தில் பதப்படுத்தாவிட்டால், அது சில மாதங்களில் மறுபடி தளரும் அல்லது முறியும். ஏ9 வீதி இன்று சீரான காப்பெற் வீதியாகிவிட்டாலும், அதிலிருந்து உள்ளே பிரியும் கிரவல் வீதிகளும் குளக்கட்டுப் பாதைகளும் மாரிமழைக்குப் பின் குழிகளாகவே கிடக்கின்றன. ஆகவே வன்னியில் வில், ஆண்டின் மிகப் பாரமான நாளை, அதாவது அறுவடை நாளையோ, வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கு ஹையேஸ் வான் நிரம்பிச் செல்லும் நாளையோ எண்ணித் தெரியப்படுகிறது. ஒரே தடிப்பும் நீளமும் கொண்ட நான்கு தகடுகளோடு ஐந்தாவதைச் சேர்த்தால் வில்லின் இறுக்கம் கால் பங்கு கூடும்; தகடுகளுக்கிடையிலான உராய்வும் கூடுவதால் சிறு மேடுபள்ளங்களுக்கு வில் அசையவே மறுக்கும். ஒரு நாளின் பாரத்துக்காக ஏனைய நாட்களெல்லாம் பயணிகளின் முதுகெலும்பு தண்டனை பெறுகிறது. கர்ப்பிணிகளும் நோயாளிகளும் அதே வான்களிலேயே வைத்தியசாலைக்குச் செல்கிறார்கள் என்பதை நினைத்தால் இது சிறிய விடயமன்று.

தமிழகத்தில் தெரிவைத் தீர்மானிப்பது பாரத்தைவிட வேகத்தடையே. 3.7 மீற்றர் அகலம், 10 செ.மீ. உயரம் என்று இந்திய வீதிக் காங்கிரஸின் நெறி விதித்திருந்தும், ஊர்ப்புறங்களில் குறுகிச் செங்குத்தாக எழும் தடைகளில் காரின் அடிப்பாகம் உரசுகிறது. அதற்கு மருந்தாகச் சுருள்வில்லின் சுற்றுகளுக்கிடையே இறப்பர்த் துண்டு செருகுவது பரவலாகிவிட்டது. இதனால் கார் சற்று உயர்கிறது. ஆனால் செருகிய இடத்தில் சுற்றுகள் அசையாமற் போவதால் எஞ்சிய சுற்றுகளே வேலைசெய்ய, வில் இறுகிவிடுகிறது. எனினும் சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் அந்தந்த மாதிரிக்குரிய புதிய வில்லைக் கேட்டு வாங்க முடிவதும், உற்பத்தியாளரின் அளவுகளை மாற்றக்கூடாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விதிப்பதும் அங்குள்ள தெரிவை ஓரளவு கட்டுப்படுத்துகின்றன.

இலங்கையில் ஓடும் கார்களிற் பல ஜப்பானின் சீரான வீதிகளுக்கென அமைக்கப்பட்டவை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீளத் திறக்கப்பட்டதால், இருப்பவற்றையே காப்பாற்ற வேண்டியவர்கள் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பழைய வில்லைத் தேடினர். அங்கே கண்ணளவால் ஒத்த வில்லை வாங்குவது ஆபத்தானது. சுருளின் கம்பி 12 மி.மீ.க்குப் பதில் 13 மி.மீ. தடித்திருந்தால், ஏனைய அளவுகள் ஒன்றாயிருந்தும், இறுக்கம் கிட்டத்தட்ட 38 வீதம் உயரும். கம்பியின் தடிப்பை அளக்கும் கருவியின்றி இந்த வேறுபாடு தெரியாது.

வில்லின்மேல் சுமத்தப்படும் ஒரு குற்றம் வில்லினுடையதே அன்று. கிரவல் வீதியில் குறுக்காக எழும் அலைவரிகள் 80 செ.மீ. இடைவெளியில் இருக்க, மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் செல்லும் சக்கரம் செக்கனுக்கு 12 தடவைக்கு மேல் தட்டப்படுகிறது. இது சக்கரமும் அச்சும் தாமே துள்ளும் வேகத்துக்கு அண்மையானது. இத்துள்ளலை அடக்குவது சொக் அப்சோபர் எனும் அதிர்வுத் தணிப்பான். எண்ணெய் கசிந்து ஓய்ந்த தணிப்பானை மாற்றாமல் வில்லை மாற்றுவது வீண்செலவு. பாரத்துக்கென்றால், மேலதிகத் தகட்டைப் பிரதான அடுக்கோடு சேர்த்து இறுக்காமல், வாகனம் தாழ்ந்தபின் மட்டுமே முட்டுகின்ற துணைவில்லாகப் பொருத்துவதே வன்னிக்கு ஏற்றது. அப்போது அறுவடை மூட்டைகளை வாகனம் தாங்கும், வெறுமையாகத் திரும்பும்போதும் தொழிற்சாலை தந்த மென்மை குறையாது.