கெடா வானில் போர் விமானங்களை ரசிப்பது எப்படி?

போர் விமானத்தை ரசிக்க விழைவோர் அதன் பெயரையும் வேகத்தையும் மனப்பாடம் செய்வதைவிட, அதன் மூக்கும் இறக்கையும் இயந்திரமும் எந்தத் தேவையை முன்னிட்டு அவ்வாறு அமைந்தன என்று ஆராய்ந்து பார்ப்பதே பயன் தரும். இரண்டாம் உலகப்போர்க்கால விமானத் தளங்களும், லங்காவியில் 1991 முதல் நடைபெற்றுவரும் லீமா விமானக் கண்காட்சியும் ஒரே மாநிலத்தில் இருப்பதால், அந்தப் பழக்கத்தைத் தொடங்குவதற்குக் கெடா மிகவும் ஏற்ற இடமாகும்.

ஜப்பானியர் மலாயாவைத் தாக்கிய 1941 டிசம்பரில் சுங்கைப்பட்டாணியில் நின்ற பஃபலோ சண்டை விமானம், அலோர் ஸ்டாரைத் தளமாகக் கொண்ட பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானம் ஆகியவற்றின் புகைப்படங்களில் முதலில் கவனிக்க வேண்டியது இயந்திரத்தின் மழுங்கிய வட்ட முகப்பு. சிலிண்டர்களைச் சக்கரத்தின் ஆரங்களைப்போல் வட்டமாக அடுக்கி, எதிர்க்காற்றாலேயே குளிர்விக்கும் ஆர இயந்திரம் உள்ளே இருந்ததால்தான் அந்த முகப்பு அவ்வளவு அகன்றிருந்தது. ஜப்பானிய விமானங்களுக்கு முன் அவ்விரண்டும் பின்தங்கியவை என்பதை அறிந்து பார்த்தால்தான், டிசம்பர் 9 அன்று பட்டர்வொர்த்திலிருந்து ஒற்றை பிளென்ஹைமில் புறப்பட்டு, தாய்லாந்தின் சிங்கோராவைத் தாக்கி, படுகாயத்துடன் அலோர் ஸ்டார் அருகே விமானத்தைத் தரையிறக்கித் தம்முடன் வந்தோரைக் காப்பாற்றி உயிர்நீத்த பிரிட்டிஷ் விமானி ஆர்தர் ஸ்கார்ஃபின் துணிவு எத்தகையது என்பது விளங்கும். அவருக்கு 1946இல் விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது.

பறக்கும் விமானத்தைக் காண்பதற்குச் செம்பனைத் தோட்டத்தைவிட வயல்வரப்பு மேலானது; தோட்டத்தில் மரமுகடுகள் வானத்தைக் குறுக்கிவிடும். அலோர் ஸ்டார் விமானப்படைக் கல்லூரியின் பிசி-7 பயிற்சி விமானத்தைச் சுழலும் விசிறியைக் கொண்டே இனம் காணலாம். ஜெட் விமானத்தை ஒலி வரும் திசையில் தேடுவது வீண். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் செல்வதால், இரண்டு கிலோமீட்டர் தொலைவிலிருந்து அது செவியை எட்டுவதற்குள், மணிக்கு 700 கிலோமீட்டரில் பறக்கும் விமானம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் முன்னேறியிருக்கும். ஆகவே பார்வை ஒலியை முந்திச் செல்ல வேண்டும்.

1997இல் மலேசிய விமானப்படையில் சேவைக்கு வந்து, லீமாவில் பறந்து காட்டும் ஹார்னெட் விமானத்தின் இறக்கை, மெலிந்த பட்டையாக விமானியின் அறைப் பக்கம் வரை நீள்கிறது. விமானம் கடுமையாகத் திரும்பும்போது அப்பட்டையின் மேல் சுழல்காற்று எழுந்து, அழுத்தமும் வெப்பமும் திடீரெனக் குறைய, லங்காவிக் கடற்காற்றின் ஈரம் வெண்மேகமாகத் திரண்டு மறுகணமே கரைகிறது. புகை என்று பலர் எண்ணும் இக்காட்சி, கண்ணுக்குத் தெரியாத காற்றோட்டத்தைக் கண்ணுக்குக் காட்டுவதால், கண்காட்சியின் தலைசிறந்த தருணம் இதுவே எனலாம்.

தஞ்சாவூர்த் தளத்தில் இந்திய விமானப்படை வைத்திருக்கும் சுகோய்-30 வகையின் நெருங்கிய உறவினமே மலேசியாவின் சுகோய்-30எம்கேஎம். இறக்கைக்கு முன்னுள்ள சிறு துணையிறக்கைகளும், உந்துவிசையின் திசையை மாற்றவல்ல அசையும் புகைவாய்களும் அவ்விரண்டுக்கும் பொதுவானவை. சுகோய் வேகம் தளர்ந்து மூக்கை உயர்த்தும் வேளையில் பார்வையை மூக்கில் நிறுத்தாமல் வால்புறத்திற்குக் கொண்டு சென்றால், காற்று கைவிட்ட நிலையிலும் விமானத்தைத் திருப்புவது அப்புகைவாய்களே என்பதை நேரில் காணலாம்.