வெள்ளாற்றங்கரையும் சேர்ந்திசையும்

வெள்ளாற்றங்கரையிலுள்ள சேத்தியாத்தோப்பிலிருந்து தெற்கே காட்டுமன்னார்கோயில், தென்கிழக்கே சிதம்பரம், வடக்கே வடலூர் என, ஒரு மணி நேரப் பேருந்துப் பிரயாணத்துக்குள் அடங்கிவிடும் மூன்று ஸ்தலங்களின் சரித்திரத்தையும் சேர்த்துப் படிக்கிறவர்களுக்கு, தமிழ்நாட்டில் இசை ஞானம் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தது, தனி வித்வானின் கச்சேரி மேடையைக் காட்டிலும், பலர் கூடி நின்று பாடிய கூட்டங்களின் வழியாகவே என்பது விளங்காமற் போகாது. சங்கீதக் கல்வியைப்பற்றி யோசிக்கிறவர்கள் இதைப் போதிய அளவு கருதவில்லை என்பது என் அபிப்பிராயம்.

வீரநாராயணபுரம் என்னும் பழம்பெயர் கொண்ட காட்டுமன்னார்கோயிலில் பிறந்த நாதமுனிகள் ஆழ்வார் பாசுரங்களை மீட்ட கதை எல்லாரும் அறிந்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது அவர் அதன்பின் செய்த காரியம்: தம் மருமக்களாகிய கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் இருவருக்கும் அப்பாசுரங்களை இசையோடு கற்பித்தார் என்று குருபரம்பரை கூறுகிறது. பாடுவதற்கு ஆட்களை உண்டாக்காமல் ஏட்டை மட்டும் மீட்டிருந்தால், பாசுரங்கள் கோயில் கோஷ்டிகளின் நாவில் இன்றுவரை நிலைத்திரா. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் திருப்பதியம் பாட 48 பேரையும், உடுக்கைக்கும் கொட்டிமத்தளத்துக்கும் ஒவ்வொருவரையும் ஆக 50 பேரை நியமித்து, ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் அளக்கச் செய்தான்; அவர்களில் ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவருடைய உறவினர் பாட வேண்டும் என்றும், உறவினருக்குத் தகுதியில்லையானால் தகுதியுள்ள வேறொருவரை நியமிக்க வேண்டும் என்றும் கல்வெட்டிலே விதித்தான். அடுத்த தலைமுறைக்கும் குரல் வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்த அந்த விதியைப் படிக்கும்போது, இக்காலத்துத் திட்டங்கள் பலவற்றில் அந்த யோசனை இல்லாமற் போனதை நினைத்து வருந்தாமல் இருக்க முடியவில்லை.

எனினும் அக்கூட்டங்களின் வாயில் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் மறைக்கலாகாது. தீண்டாதவர் என்று ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்த நந்தனாரின் கதைக்குரிய ஆதனூர் இந்தப் பிரதேசத்து ஊரே. கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரத்தைக் கீர்த்தனைகளாகப் பாடி நாடெங்கும் பரவச் செய்த பின்பும், நந்தனார் குலத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி கிட்ட, சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் ஒரு ஸ்தாபனத்தையே உண்டாக்க வேண்டியிருந்தது. ஆகையால்தான் வடலூர் எனக்கு விசேஷமாகப் படுகிறது. ஜாதி சமய பேதங்களை விலக்கிய சன்மார்க்கத்தைப் போதித்து, 1872-இல் சத்திய ஞான சபையை ஸ்தாபித்த இராமலிங்க அடிகள், அதே ஆண்டில் இயற்றிய அருட்பெருஞ்சோதி அகவல் 1,596 அடிகள் கொண்டது; இத்தனை நீண்ட பாடலை, ராக ஞானமோ தாளப் பயிற்சியோ இல்லாத சாதாரண ஜனங்கள் கூட்டமாகப் பாராயணம் செய்ய முடிகிறதென்றால், அகவல் ஓசையின் சீரான நடை ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் தாங்கிக்கொள்ள இடங்கொடுக்கிறது என்பதே காரணம். முதன்முதலாக வந்து நிற்கும் குழந்தைகூடப் பத்தாவது அடிக்குள் கூட்டத்தோடு சேர்ந்துவிடுகிறது.

பக்தியின் எல்லைக்கு வெளியே இதே காரியத்தை நம் காலத்தில் செய்தவர் எம். பி. சீனிவாசன். பொதுவுடைமை இயக்கத்தில் ஈடுபட்டவரும், ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கும் பல மலையாளப் படங்களுக்கும் இசையமைத்தவருமான அவர், 1970-களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை அமைத்து, சுப்பிரமணிய பாரதியார் பாடல்களை, பல குரல்கள் ஒரே சமயத்தில் வெவ்வேறு ஸ்வர வரிசைகளைப் பாடும் மேனாட்டு முறையில், தமிழ் உச்சரிப்புக் கெடாமல் பாட வைத்தார். இதில் உள்ள பிரயாசை சாமானியமானதன்று. ஆண்களின் குரல் பெரும்பாலும் ஒரு கட்டையிலும், பெண்களின் குரல் ஐந்து கட்டையிலும் நிற்பதால், எல்லாரையும் ஒரே சுருதியில் ஒரே வரியைப் பாடச் சொன்னால் ஒரு சாராருக்கு மேல்ஸ்தாயி எட்டாது, மற்றவர்க்குக் கீழ்ஸ்தாயி கிட்டாது. நம் ராகங்களுக்கு உயிரான கமகமோ, ஆளுக்கு ஒரு விதமாக அசைந்தால் இரைச்சலாகிவிடும். வரிகளைக் குரலுக்குத் தக்கவாறு பங்கிட்டும், ஸ்வரங்கள் நேராக நிற்கும் மெட்டுக்களைத் தேர்ந்தும் அவர் இந்த இடரைக் கடந்தார். 1980-களில் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு பள்ளிகளில் சேர்ந்து பாடுதலைப் பரப்ப முயன்றபோது, பல மொழிப் பாடல்களை ஆசிரியர்களுக்குக் கற்பிக்கும் பணியிலும் அவர் பங்கு கொண்டார். 1988-இல் அவர் மறைந்தது பள்ளிக்கூட இசைக்கு நேர்ந்த பெரிய நஷ்டம்.

அருகிலேயே நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-இல் தோன்றி, பல மொழி பேசுவோரை ஒரே நகரியத்தில் குடியமர்த்தியபின், அத்தகைய பல மொழிச் சேர்ந்திசைக்கு இந்தப் பிரதேசத்தைவிடப் பொருத்தமான இடம் தேடினாலும் கிடைப்பது அரிது. சாஸ்திர ஞானத்துக்கும் குறைவில்லை: சிதம்பரத்தில் 1929-லேயே இசைக் கல்லூரி தோன்றியது, தமிழிசை மாநாடு 1941-இல் அங்கேதான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடியது, தண்டபாணி தேசிகர் அங்கே நெடுங்காலம் கற்பித்தார். கடலூரில் அரசின் மாவட்ட இசைப்பள்ளியும் உண்டு. ஆனால் அங்கெல்லாம் போய்ச் சேர்வது, இசையே தன் வழியென்று முன்பே தீர்மானித்துவிட்ட சிலரே.

மற்றப் பிள்ளைகளுக்கு ஆதாரம் ஊர்ப் பள்ளிதான். 2012-இல் தமிழக அரசு நியமித்த பகுதிநேர ஆசிரியர்கள் 16,549 பேர். உடற்கல்வி, ஓவியம், தையல், கணினி முதலியவற்றோடு இசையும் அவர்களுக்குள் பங்கிடப்பட்டது. தொடக்கத்தில் மாதச் சம்பளம் 5,000 ரூபாய். அண்மை ஆண்டுகளில் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழாப் போட்டிகள் உற்சாகம் தருகின்றன, சந்தேகமில்லை. ஆயினும் போட்டி என்றவுடன் நல்ல குரல் தேர்ந்தெடுக்கப்பட, மற்றக் குரல் கேட்டுக்கொண்டிருக்க நேர்கிறது. சேர்ந்திசைக்கு வேண்டியது அந்த மற்றக் குரல்.

ஆகவே அண்ணாமலைப் பல்கலைக்கழக இசை மாணவர்கள், தங்கள் பயிற்சிக் காலத்தின் ஒரு பகுதியை, வாரம் ஒரு மாலை சேத்தியாத்தோப்புப் பள்ளி ஒன்றில் கழிக்கலாம். சுரங்கத் தொழிலாளர், கரும்பு விவசாயிகள், கூலி வேலை செய்வோர் ஆகிய எல்லாருடைய பிள்ளைகளையும், விரும்பினால் தாய்மார்களையும், தேர்வு வைக்காமல் சேர்த்துக்கொண்டு, முதல் ஆறு மாதம் அகவலில் ஒரு பகுதியும் பாரதியார் பாட்டுக்கள் இரண்டும் போதுமென்று நிதானமாகத் தொடங்கலாம். இதற்கு வேண்டியவை, மாணவர்கள் மாறிமாறி வந்தாலும் பிள்ளைகளைப் பிரியாமல் ஊரிலேயே இருக்கும் ஆசிரியர் ஒருவருக்கு முழுநேரச் சம்பளம், ஒரு சுருதிப் பெட்டி, மாலையில் திறந்து வைக்கப்படும் ஒரு வகுப்பறை.