காளானைப் பற்றி ஒரு கேள்வி

புலம்பெயர்ந்த வீடுகளில் வளர்ந்து எழுத வந்திருக்கும் இளையவர்களின் கதைகளை அண்மைக்காலமாகத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். பெரும்பாலானவை ‘நான்’ என்று தொடங்குகின்றன. ‘அவள்’ என்று தொடங்குபவையும் அந்த அவளின் மனதைவிட்டுக் கடைசிவரை வெளியே வருவதில்லை. எழுத்துப் பயிலரங்குகளில் சொல்லித்தரப்படும் விதி அது: ஒரு காட்சிக்கு ஒரு மனம். எல்லார் நெஞ்சுக்குள்ளும் புகுந்து வரும் கதைசொல்லி பழைய சரக்கு. வாழ்க்கையில் எவருக்கும் அந்த அறிவு வாய்ப்பதில்லை, ஆகவே அது யதார்த்தமும் அல்ல என்பது வாதம்.

இதற்குப் பெரிய இடத்து ஆதரவும் உண்டு. பிரான்சுவா மோரியாக்கின் நாவல்களைத் தாக்கி 1939இல் சார்த்தர் எழுதினார். பாத்திரத்துக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் நிற்கும் ஆசிரியர் கடவுளின் இடத்தை எடுத்துக்கொள்கிறார், அதனால் அவருடைய மனிதர்கள் சுதந்திரத்தை இழக்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. மோரியாக்கைப் பொறுத்தவரை அது சரியாகவே இருக்கட்டும். டால்ஸ்டாயிடம் அந்த வாதம் செல்லுபடியாகவில்லை.

‘அன்னா கரீனினா’வின் ஆறாம் பாகத்தில் ஒரு காளான் பறிக்கும் காட்சி வருகிறது. கோஸ்னிஷெவ் படித்தவர், நடுவயதைத் தொட்டவர், இளமையில் காதலித்த பெண்ணை மரணத்துக்குக் கொடுத்தவர். வாரெங்கா பிறர் வீட்டை அண்டி வாழும் நல்ல பெண். அவளிடம் திருமணம் பேசிவிடுவது என்று முடிவு செய்து, சொல்ல வேண்டிய வார்த்தைகளையும் மனதில் அடுக்கிக்கொண்டு அவர் வருகிறார். கேட்கப்போகிறார் என்பது அவளுக்கும் தெரியும். இரண்டு மனங்களையும் கதைசொல்லி நமக்குத் திறந்து காட்டுகிறார். இருவருக்கும் சம்மதம்தான். ஆனால் நீண்ட மௌனத்துக்குப் பிறகு, தன் விருப்பத்துக்கு மாறாக, அவள் காளானைப் பற்றி ஏதோ சொல்லிவிடுகிறாள். அவருக்கு எரிச்சல். பிறகு வாயைத் திறக்கும் அவரும் இரண்டு வகைக் காளான்களுக்கு என்ன வித்தியாசம் என்று கேட்கிறார். உதடு நடுங்க அவள் பதில் சொல்கிறாள். அத்தோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று இருவருக்கும் தெரிந்துவிடுகிறது.

ஏன் அப்படிக் கேட்டார்? கதைசொல்லி காரணம் சொல்வதில்லை. எதிர்பாராமல் தோன்றிய ஏதோ ஒரு நினைப்பு என்பதோடு விட்டுவிடுகிறார். இறந்துபோன பெண்ணுக்குத் துரோகம் செய்ய முடியாது என்று கோஸ்னிஷெவ் பின்னால் தனக்குத்தானே ஒரு சமாதானம் கண்டுபிடித்துக்கொள்கிறார். அதை நம்புவதும் நம்பாததும் நம் பாடு.

இதே காட்சியை வாரெங்கா ‘நான்’ என்று சொல்லியிருந்தால் நமக்கு அவளுடைய ஏமாற்றம் கிடைத்திருக்கும். அவர் மனதில் என்ன இருந்தது என்பது புதிராகவே இருந்திருக்கும். ஆனால் அது வெறும் தகவல் குறைவு. அவரையே சொல்லவைத்திருந்தால் அந்தப் புதிர் அவிழ்ந்துவிடும். டால்ஸ்டாய் நம்மை அந்த நிலையில் விடவில்லை. தெரிந்துகொள்ளக்கூடியது அத்தனையையும் கையில் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகும் ஒன்று விளங்காமல் எஞ்சுகிறது என்றால், அந்த விளங்காமை கதைசொல்லியின் குறை அல்ல, மனிதர்களிடம் இருப்பது. சார்த்தர் பறிபோனதாகச் சொன்ன சுதந்திரம் எனக்கு இங்கேதான் தெரிகிறது. எல்லாம் அறிந்த ஒருவர் வாய்மூடும்போதுதான் அந்த மௌனத்துக்குக் கனம் வருகிறது.

ரோலான் பார்த் 1968இல் எழுதிய கட்டுரை யதார்த்தத்தை வேறோர் இடத்தில் தேடியது. ஃப்ளோபேரின் கதையொன்றில் பியானோவுக்கு மேலே ஒரு காற்றழுத்தமானி இருக்கும். கதைக்கு அதனால் பயன் இல்லை, அந்தப் பயனின்மையே ‘இது நிஜம்’ என்ற மயக்கத்தைத் தருகிறது என்றார் பார்த். கெட்டிக்காரத்தனமான வாதம். டால்ஸ்டாயின் காளானுக்கு அது பொருந்தாது. அந்தக் காளான் மேல் ஒரு கல்யாணமே இடறி விழுகிறது.

இரண்டாம் பாகத்தின் குதிரைப் பந்தயம் இன்னும் துணிச்சலானது. பந்தயத்தை முதலில் விரான்ஸ்கியோடு ஓடிப் பார்க்கிறோம்: பதினேழு வீரர்கள், ஒன்பது தடைகள், சேணத்தில் அவன் செய்யும் ஒரு பிசகு, முதுகெலும்பு முறிந்த குதிரை. பிறகு கதைசொல்லி காலத்தைப் பின்னுக்கு இழுத்து அதே பந்தயத்தைப் பார்வையாளர் மேடையிலிருந்து மறுபடி ஓட்டுகிறார். இம்முறை கரீனின் பந்தயத்தைப் பார்க்கவில்லை. மனைவியின் முகத்தைப் பார்க்கிறார். மைதானத்தில் குதிரையை நினைத்துக் கலங்கி நிற்பவனுக்கு, மேடையில் ஒரு குடும்பம் உடைவது தெரியாது. நமக்குத் தெரிகிறது. நாம் இல்லாத இடத்திலும் உலகம் நடந்துகொண்டிருக்கிறது என்ற உணர்வு வாசிப்பில் இப்படித்தான் உண்டாகிறது.

நம் இளையவர்களின் கதைகளுக்கு வருகிறேன். அவற்றில் அப்பா எப்போதும் வரவேற்பறையில் செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறார், அம்மா எப்போதும் பயப்படுகிறார். மகளின் கண்ணுக்குத் தெரிகிற அப்பா அவர். கதையில் வேறு அப்பா கிடையாது. ஒரே மேசையில் உட்கார்ந்து ஆளுக்கொரு மொழியில் யோசிக்கும் இரண்டு பேரை ஒரு மனதுக்குள் மட்டும் இருந்துகொண்டு எப்படி எழுதுவது? அப்பாவும் அன்றைக்கு ஒன்றைச் சொல்லத்தான் வந்திருப்பார்; வாயில் வந்தது சாப்பாட்டைப் பற்றிய கேள்வியாக இருக்கும். அதை எழுத இரண்டு பக்கமும் போய்வருகிற ஒருவர் வேண்டும்.

டால்ஸ்டாய் மனிதர்களோடும் நிற்கவில்லை. காளான் காட்சிக்குச் சில அத்தியாயங்கள் தள்ளி, லெவினின் வேட்டைநாய் லாஸ்காவின் மனதுக்குள் போகிறார். பறவை எங்கே இருக்கிறது என்று நாய்க்கு மணம் சொல்லிவிட்டது. எஜமானோ ஒன்றுமே இருக்க முடியாத, நீர் தேங்கிய இடத்தைக் காட்டி அதட்டுகிறார். லாஸ்கா அங்கே போய், அவர் மனம் கோணாமலிருக்கத் தேடுவதுபோல் பாவனை செய்துவிட்டு, தன் பழைய இடத்துக்கே திரும்புகிறது.