மகள் ராணியானால் போதுமா?

லலீன் பால் எழுதி 2014இல் வெளிவந்த ‘தி பீஸ்’ நாவலின் நாயகி ஃப்ளோரா 717, துப்புரவு வேலைக்கென்றே பிறந்த தேனீ. அவள் இனத்தார் ஊமைகள். இவளுக்கு மட்டும் பேச்சு வருகிறது. ராணியைத் தவிர யாரும் முட்டையிடக் கூடாது என்பது கூட்டின் சட்டம். மீறினால் மரணம். ஃப்ளோரா மீறுகிறாள்.

அடக்குமுறைக்கு ஒரு வாசனையைக் கொடுத்ததுதான் ஆசிரியரின் பெரிய சாதனை. ராணியின் மணம் அடைகளுக்கிடையே பரவும்போதெல்லாம் தேனீக்கள் உருகிப்போகின்றன. மனத்தில் முளைத்த சந்தேகம் அதிலேயே கரைந்துவிடுகிறது. ஆணை தாயன்பாகவே வந்து சேர்ந்தால் அதை எப்படி எதிர்ப்பது? இது வெறும் கற்பனையும் அல்ல. ராணி சுரக்கும் ஃபெரமோன் பணித்தேனீக்களின் சினைப்பையை வளரவிடுவதில்லை. அதையும் தாண்டி ஒருத்தி முட்டையிட்டால் சகோதரிகளே அதைத் தின்றுவிடுவதை ஆய்வாளர்கள் ராட்னீக்ஸும் விஷரும் 1989இல் பதிவுசெய்தார்கள். முட்டையிடுபவளைத் தேடித் தண்டிக்க நாவலில் வரும் கருக்காவல் படை இதைத்தான் நினைவூட்டுகிறது. இந்தப் பின்னணியில் ஃப்ளோரா தன் முட்டையின் மேல் கொள்ளும் பாசம் நம்மை நடுங்க வைக்கிறது. ராணியின் அன்பை முறிக்க இன்னோர் அன்புதான் தேவைப்படுகிறது.

ஆனால் தேனீக்களின் உண்மை வாழ்க்கையிலிருந்து விலகும் இடத்தில் நாவல் சறுக்குகிறது. உண்மையான கூட்டில் ஒரே பணித்தேனீ முதலில் அறைகளைச் சுத்தம் செய்து, பிறகு புழுக்களுக்கு ஊட்டி, அடை கட்டி, காவல் நின்று, கடைசியில் தேன் தேடிப் பறக்கும். வயதுக்கேற்ப மாறும் வேலையை லலீன் பால் பிறப்பால் வரும் சாதியாக்குகிறார். நாவலாசிரியருக்கு அந்த உரிமை உண்டு. அதற்கு அவர் கொடுக்கும் விலைதான் அதிகம்: எந்தப் பணித்தேனீயும் வாழக்கூடிய வாழ்க்கை, ஃப்ளோராவின் அபூர்வப் பிறவிக் குணமாகிவிடுகிறது. அவளுக்கு வந்ததுபோல் பேச்சு வராத சகோதரிகளுக்கு இந்தக் கதை என்ன வழி காட்டுகிறது?

அதைவிடப் பெரிய சிக்கல் ஃப்ளோரா இடும் கடைசி முட்டை. பணித்தேனீ இடும் முட்டை கருவுறாதது. அதிலிருந்து பொதுவாக ஆண் தேனீதான் வரும். தென்னாப்பிரிக்காவின் கேப் தேனீ முக்கியமான விதிவிலக்கு. நாவலிலோ மகள் பிறக்கிறாள், ராணியாகிறாள், கூட்டத்துக்கு வாழ்வு தருகிறாள். அறிவியல் பிழை என்று இதைக் குறை சொல்லவில்லை. மகன் பிறந்திருந்தால் ஃப்ளோராவின் பாசத்தால் கூட்டுக்குப் பெரிதாக ஒரு லாபமும் இருந்திருக்காது. அது அவளுடைய மீறலாக மட்டுமே நின்றிருக்கும். மகள் ராணியானதும் மீறல் சேவையாகிவிடுகிறது. ஒருத்தி பெற மற்றவர்கள் உழைக்கும் ஏற்பாடு அப்படியே தொடர்கிறது, வம்சம் மட்டும் மாறுகிறது. பணிந்துபோதலைக் காட்டுவதில் முதல் தரமான இந்த நாவல், தனித்துவத்துக்காக வாதாடும்போது பாதி வழியில் நின்றுவிடுகிறது என்பதே என் தீர்ப்பு.

வருத்தம் என்னவென்றால், மீதிப் பாதை நாவலுக்குள்ளேயே இருக்கிறது. ஃப்ளோரா தேன் தேடிப் பறக்கும் அத்தியாயங்களைப் பாருங்கள். காற்று, மழை, குளவி, பூச்சிக்கொல்லி படிந்த வயல் என எல்லாவற்றிலும் முடிவெடுப்பவள் அவளே. கேட்பதற்கு அருகில் யாரும் இல்லை. திரும்பி வந்ததும் பூ இருக்கும் திசையை நடனமாடிச் சொல்கிறாள். அவள் தனியாக அறிந்தது கூட்டின் அறிவாகிறது. அதற்கு அவள் தாயாக வேண்டியிருக்கவில்லை, பேச்சுகூடத் தேவைப்படவில்லை. பால் இந்த அத்தியாயங்களை நம்பியிருக்கலாம்.