அவ்ஸாலியின் ஹவ்ழ்

மொரோக்கோவின் தெற்கிலுள்ள சூஸ், மழை குறைந்த நிலம். அம்மண்ணில் தோன்றி கி.பி. 1749இல் மறைந்த முஹம்மத் அல்-அவ்ஸாலி, தமது மார்க்கச் சட்ட நூலுக்கு ‘அல்-ஹவ்ழ்’ எனப் பெயரிட்டார். நீர்த்தடாகம் என்பது பொருள். நம் பள்ளிவாசல்களில் ஒளூச் செய்யும் ஹவுளும் இச்சொல்லே.

கலீலின் ‘முக்தஸர்’ எனும் மாலிக்கி மத்ஹபின் அரபு நூலைத் தழுவி, அமாஸிக் மொழிக்கிளையான தஷல்ஹீத்தில், அரபு எழுத்தில், அவர் இதனைச் செய்யுளாக யாத்தார். கற்பனை வளம் தேடுவோர்க்கு இது வறண்ட சட்டப்பாட்டாகத் தோன்றலாம். ஆனால், யாருக்காகப் பாடப்பட்டது என்று நோக்க வேண்டும். அரபு கல்லாதவரும் செவிவழிக் கேட்டு மனனம் செய்வதற்கே ஆலிம் ஒருவர் தாய்மொழிக்கு இறங்கி வந்தார். அதுவே இந்நூலின் அழகு.

இப்பண்பு பின்னர் மறக்கப்பட்டது. 1980 மார்ச் 10இல் அல்ஜீரியாவின் தீஸி உஸூவில், பண்டைய கபீலியக் கவிதை குறித்து மௌலூத் மஅம்மரி ஆற்றவிருந்த உரை தடுக்கப்பட்டது. பிரெஞ்சு ஆட்சியில் அரபும் நசுக்கப்பட்டது என்பது மெய்யே. ஆயினும், காயம்பட்டவர் பிறர் நாவைக் கட்டுவது நீதியாகாது. அரபு கற்பிப்பவன் என்ற முறையில் இதனைக் கூற எனக்குக் கடமை உண்டு. மொழிகளின் வேற்றுமையை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாக அர்ரூம் அத்தியாயம் (30:22) எண்ணுகிறதன்றோ!

நிலமும் இம்மொழியில்தான் பேசுகிறது. ‘அகாதீர்’ நகரின் பெயராக மட்டுமே நமக்குத் தெரியும். சூஸ் மலைவாசிகளுக்கு அது ஊரார் தானியம் காக்கும் பொதுக்களஞ்சியம். மேய்ச்சல் நிலத்தைப் பருவம் பார்த்து மூடித் திறக்கும் ஊர்க்கட்டு ‘அக்தால்’. சொல் அழிந்தால் அதனைத் தாங்கிய ஒழுங்கும் தளரும்.

அமாஸிக் மொழி 2011இல் மொரோக்கோவிலும் 2016இல் அல்ஜீரியாவிலும் ஆட்சிமொழித் தகுதி பெற்றது. 2003இல் மொரோக்கோ அதற்குத் தொன்மையான திஃபினாக் எழுத்தைத் தேர்ந்தது. இது வரவேற்கத்தக்கது. ஆனால் அவ்வெழுத்தையே ஒரே அடையாளமாகக் கொண்டால், அரபு எழுத்தில் எழுதிய அவ்ஸாலி தம் மக்களுக்கே அந்நியராவார்.

இதனைச் சுட்டும்போது நம் வீட்டு அலமாரியும் நினைவில் எழுகிறது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றோர் அரபுத்தமிழில் இதே பணியைச் செய்தனர். அரபும் தமிழும் அறிந்த என் மாணவர்கள், அக்கிதாபுகளை எழுத்துக்கூட்டியே வாசிக்கின்றனர். ஹவுள் இருக்கிறது, இறங்கும் படிகளைத்தான் தூர்த்துவிட்டோம்.