‘பாலூ தம்பி’: தடித்த உருண்டை எழுத்தும் தமிழ்ப் பெயர்ப்பலகையும்

அச்செழுத்தின் அழகை ஆராய்வோர் பெரும்பாலும் கரிய கோட்டையே நோக்குவர். அக்கோட்டினுள் அடைபட்டு நிற்கும் வெண்மையை நோக்குவோர் சிலரே. தமிழெழுத்தைப் பொறுத்தவரை இது பெருங்குறையாகும். மும்பையைச் சேர்ந்த ஏக் டைப் குழுவினர் 2016 இல் வெளியிட்ட ‘பாலூ’ எழுத்துருக் குடும்பத்தின் தமிழ் உறுப்பினை ஈண்டு இந்நோக்கிலேயே மதிப்பிடுகின்றோம்.

இவ்வெழுத்துரு மிகத் தடித்தது, கோட்டு முனைகளில் அணிக்குறிகள் அற்றது, மூலைகள் உருட்டப்பெற்றது. கிப்ளிங்கின் கதையில் வரும் கரடியின் பெயரை இது தாங்குவது பொருத்தமே. பல மொழிகளுக்குரிய வடிவங்களுக்கு உறவுப்பெயர்கள் சூட்டப்பட்டன. மலையாளத்துக்குச் ‘சேட்டன்’, தெலுங்குக்குத் ‘தம்முடு’, தமிழுக்குத் ‘தம்பி’. (மலையாளம் தமையனாகவும் தமிழ் தம்பியாகவும் அமைந்த இம்முறையை மொழிநூலார் ஒப்புவரோ என்பது வேறு வினா.) தமிழ் வடிவத்தை வரைந்தவர் ஆதர்ஷ் ராஜன்.

ப, ட, ம என்பனவற்றின் கோணங்கள் மழுங்குவதால் தமிழெழுத்தின் விறைப்புத் தளர்ந்து ஒருவகை இணக்கம் தோன்றுகின்றது. சிறுவர் நூலட்டை, கடைப்பெயர், விழா அறிவித்தல் ஆகியவற்றுக்கு இவ்வியல்பு பெரிதும் உகந்தது. இடருண்டாவது, இதே தடிப்பு வீதிப்பலகைக்கு ஏறும்போதுதான்.

மூன்று சுழி ணகரத்தையும் இரண்டு சுழி னகரத்தையும் பிரிப்பது ஒரேயொரு சுழி. கோடு தடிக்குந்தோறும் சுழிகளுக்கிடைப்பட்ட வெண்மை ஒடுங்கும். தூரத்தே நிற்பவன் சுழியை எண்ணவியலாது. ‘பணிமனை’ பனிமனையாகத் தோன்றின் நகைத்து அமையலாம்; ஆட்பெயரும் ஊர்ப்பெயரும் அவ்வாறு மயங்கின் நகைப்புக்கு இடமில்லை.

கொலன்னாவை என்னும் பெயரையே கொள்வோம். கொம்பு, கால் முதலியவற்றைத் தனித்தனியே எண்ணின் ஒன்பது உருக்கள். ஆங்கிலத்திலும் எழுத்துகள் ஒன்பதே. ஆயினும் இரு னகரங்களும் ஐகாரக் குறியும் அகலம் வேண்டுவன. மும்மொழிப் பலகையில் மூன்று வரிகளுக்கும் ஒரே அகலமே கிடைப்பதால், தமிழ் வரியைச் சிறிதாக்குவர். அன்றேல் பக்கவாட்டில் நெருக்குவர். தடித்த எழுத்தை இவ்வாறு நெருக்கினால் முதலில் அழிவது சுழியின் உள்வெளியே. அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் 1987 இல் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அவ்வுரிமை பலகையில் வாசிக்கத்தக்க உருவம் பெறுகின்றதா என்பதை வரைவோன் கையே தீர்மானிக்கின்றது.

இன்னொரு குறையும் உண்டு. தேவநாகரி, வங்காளம், குர்முகி, குஜராத்தி, ஒரியா, கன்னடம் எனப் பல வரிவடிவங்களைத் தழுவிய இவ்வுறவுக் கூட்டத்திற் சிங்களம் இடம்பெறவில்லை. இயல்பிலேயே வளைவு மிக்க சிங்களத்தோடு இவ்வுருண்டைத் தமிழ் நன்கு இணைந்திருக்கும். இன்றோ இலங்கைப் பலகை வரைவோன் வேறொரு குடும்பத்திலிருந்து சிங்கள எழுத்தைக் கொணர்ந்து, தடிப்பைக் கண்ணளவாற் பொருத்த வேண்டியுள்ளது.

முதல் வெளியீட்டில் ஒரே தடிப்பே இருந்தது. பின்வந்த ‘பாலூ 2’ ஐந்து தடிப்புகளைத் தந்தது. பலகைக்கு வேண்டியவை அவற்றுள் மெலிந்தனவே. உருண்டையின் இனிமை அவற்றிற் சற்றுக் குறையினும் சுழிகள் பிழைக்கின்றன. மிகத் தடித்ததைக் கடைக்காரருக்கும் சிறுவர் நூலாருக்கும் விட்டுவிடலாம்.