முதல்நாள் தப்பு: காமன் கூத்தின் தாளம் குறித்து ஒரு நோக்கு

நாட்டார் அரங்கு பற்றிய ஆய்வுகளிற் சொல்லுக்குக் கிடைத்த இடம் ஒலிக்குக் கிடைத்ததில்லை. மலையகத் தமிழரின் காமன் கூத்தும் இதற்கு விலக்கன்று. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தோட்ட மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தமையால் அவற்றின் சொற்கள் அச்சேறின. அச்சொற்களைத் தாங்கி நின்ற தப்பின் அடிகளை ஏட்டில் ஏற்றுவதோ எளிதன்று. கூத்தைப் பற்றி எழுதுவோர் பலர் தப்பைப் ‘பக்கவாத்தியம்’ என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். அச்சொல் பொருந்துமா என்பதைக் கூத்தின் முதல்நாளைக் கொண்டே சோதித்தல் தகும்.

மாசி அமாவாசைக்குப் பின்வரும் மூன்றாம் பிறையில் காமன் கம்பம் ஊன்றப்படும். சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதன் கணை தொடுப்பதும், நெற்றிக்கண்ணால் எரிவதும், ரதி புலம்புவதும் அதன்பின் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் விரியும் கதையாகும். முதல்நாளில் எரிப்பும் இல்லை, புலம்பலும் இல்லை. கதை தொடங்குமுன்னரே தப்பு தொடங்கிவிடுகிறது. பக்கவாத்தியமெனின் அது எதற்குப் பக்கமாக நிற்கிறது? லயங்களிற் சிதறிக் கிடப்போரைக் கம்பத்தடியில் ஒன்றுகூட்டி, உழைப்பின் இடத்தை அரங்காக மாற்றுவது அவ்வொலியே. ஆகவே முதல்நாளைப் பொறுத்தவரை தப்பே நிகழ்ச்சி. ஏனையவை அதனைத் தொடர்வன.

எஹலியகொட போன்ற சப்பிரகமுவப் பகுதிகளை மனத்திற்கொண்டு நோக்கும்பொழுது இவ்வுண்மை மேலும் துலங்கும். கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்குச் செல்லும் பாதையில் அமைந்த இவ்வூரைச் சூழவுள்ளது மழைவளம் மிக்க இறப்பர் நிலமாகும். தை, மாசி மாதங்களில் இறப்பர் மரங்கள் இலையுதிர்க்கும். புதுத்துளிர் விடும் நாள்களிற் பாலும் குறையும். கூத்தின் காலம் தோட்டத் தொழிலின் இத்தளர்வோடு இயைந்து வருவது நோக்கத்தக்கது. ஈரக்காற்றில் தப்பின் தோல் தொய்ந்துவிடும். சருகையோ வைக்கோலையோ எரித்து அதனைக் காய்ச்சியே முறுக்கேற்றுவர். பலரின் தப்புகள் ஒரே குரலுக்கு வரவேண்டும். ஓராண்டாகக் கூடி அடிக்காத கைகள் ஒரே நடைக்கு இணங்கவேண்டும். எனவே முதல்நாள் அடியிற் பிசகு நேர்வது இயல்பே. அதனைக் குறையென எண்ணுவது சபா மேடையின் அளவுகோலை இங்குக் கொணர்வதாகும். பிசகிய கைகள் ஒன்றையொன்று கேட்டுத் தம்மைத் திருத்திக்கொள்ளும் திறனே இங்கு மதிப்பிடத்தக்கது.

எனினும் இக்கலையைப் புகழ்வதோடு திறனாய்வின் கடமை முடிந்துவிடுவதில்லை. தப்புக்குத் தோட்டத்தில் வேறு முகங்களும் இருந்தன. விடியுமுன் தொழிலாளரைப் பெரட்டுக்கு எழுப்பியதும் தப்பே; இழவு வீட்டில் ஒலித்ததும் தப்பே. துரையின் நேரத்தை அறிவித்த கருவி, மாசியில் மக்களின் நேரத்தை அறிவித்தது. ரதியின் புலம்பலுக்கு வேண்டிய தாழ்ந்த நடையை, இழவு வீட்டிற் பழகிய கைகள் எளிதில் அறிந்திருந்தன. ஆனால் அப்பழக்கம் விரும்பிப் பெற்றதன்று; சாதி சுமத்திய கடமை. கூத்தின்போது கம்பத்தடியில் வரவேற்கப்பட்டவர் மறுநாள் வாசலிலேயே நிறுத்தப்பட்டாரெனின், அக்கூத்தை ‘மக்கள் ஒற்றுமையின் வடிவம்’ என்று வாளா பாராட்டுதல் உண்மையாகாது. அயலிலுள்ள சிங்களச் சமூகமும் முழவுத் தொழிலைப் பெரவா என்னும் ஒரு சாதியின்மீதே ஏற்றியிருந்தமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

இச்சிக்கலுக்கு இருவேறு விடைகள் தரப்பட்டுள்ளன. பறையைக் கைவிடுவதே விடுதலை எனக் கொண்டோர் யாழ்ப்பாணத்திலும் பிறவிடங்களிலும் இருந்தனர். தமிழ்நாட்டிலோ திண்டுக்கல் சக்தி கலைக்குழு போன்றவை, பெண்களின் கையிற் பறையைக் கொடுத்து மேடையேற்றி, இழிவின் அடையாளத்தைப் பெருமையின் அடையாளமாக்க முயன்றன. இரண்டும் தத்தம் அளவில் நியாயமானவை. ஆயின் மேடைப் பறைக்குக் கிடைக்கும் கைதட்டல் தோட்டத்துத் தப்புக்காரரின் நிலையைத் தானாகவே மாற்றிவிடும் எனக் கருதுதல் தவறு.

இன்னொன்றும் மனங்கொள்ளத்தக்கது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்குரியோராக வகுத்தது. குடும்பங்கள் பிரிந்தபொழுது கைவழியாகக் கற்பிக்கப்பட்ட கலைகளின் தொடர்ச்சியும் ஊறுபட்டது. 1981ஆம் ஆண்டு ஆகஸ்டில் இரத்தினபுரிப் பகுதித் தோட்டத் தமிழர்மீது நிகழ்ந்த வன்செயல்களும், 1983ஆம் ஆண்டின் வன்செயல்களும் மேலும் பலரைப் பெயர்த்தன. இத்தகைய வரலாற்றின் பின்னரும் ஒரு மாசி மாதத்திற் சிலர் தீமூட்டித் தோலைக் காய்ச்சுகின்றனரெனின், அது வெறும் சடங்கின் மீட்சியன்று. கலைந்தவர் மீளக் கூடுதலாகும்.

ஆகவே ஆய்வாளர் செய்யவேண்டியவை இரண்டு. பாடலோடு தப்பின் நடைகளையும் ஒலிப்பதிவு செய்து, அடித்தவரின் பெயரைக் கலைஞர் பெயராகக் குறித்தல் ஒன்று. அவருக்கு அடிக்க மறுக்கும் உரிமை உண்டா என வினவுதல் மற்றொன்று. முதற்பணி மட்டும் நிறைவேறின் நமக்கு ஓர் ஆவணம் கிடைக்கும். இரண்டாவது வினாவுக்கு ‘ஆம்’ என்ற விடை கிடைக்கும் தோட்டத்திலேயே முதல்நாள் தப்பு முழுமையான கலையாக ஒலிக்கும்.